தரநிலை யாருடையது? தமிழக முன்பருவக் கல்வியில் தர ஆவணங்களும் பணியாளர் அமைப்புகளும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விமர்சன வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்வி ஆகியவற்றின் தரத்தை வரையறுக்கும் ஆவணங்கள் இந்தியாவில் அரசின் குரலில் எழுதப்படுகின்றன. அவற்றை நாள்தோறும் நடைமுறைப்படுத்தும் அங்கன்வாடிப் பணியாளர்களின் அமைப்புகளோ ஊதியம் கேட்கும் சங்கங்களாக மட்டுமே நோக்கப்படுகின்றன. குழந்தையின் தரநிலை வேறு, பணியாளரின் பணிநிலை வேறு என்னும் இப்பிரிவினையே தர ஆவணங்களின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம். 2013ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, 2019 முதல் 2022 வரையிலான தமிழக மழலையர் வகுப்பு முயற்சி, 2022ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியன விசைத்தறி நகரமான சங்கரன்கோவிலின் தொழிற்சூழலை முன்னிறுத்தி வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, தரநிலை, அங்கன்வாடிப் பணியாளர், தொழில்முறை அமைப்பு, தொழிற்சங்கம், சங்கரன்கோவில்.

முன்னுரை

தரநிலை என்பது ஓர் அளவுகோல் மட்டுமன்று. அஃது ஒரு கூற்று. எது நல்லது என்று யாரோ ஒருவர் வேறொருவருக்குச் சொல்வது அது. ஆகவே தரநிலை ஆவணம் எதனையும் வாசிக்கும்போது அதில் கூறப்படும் அளவுகளோடு, கூறுபவர் யார், கேட்பவர் யார், நிறைவேற்றாதபோது பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்ப வேண்டியுள்ளது. முன்பருவக் கல்வி குறித்த தமிழ் ஆய்வுகள் பயனாளிகளின் எண்ணிக்கை, ஊட்டச்சத்து நிலை, பாட உள்ளடக்கம் ஆகியவற்றில் காட்டும் கவனத்தை இவ்வினாக்களில் காட்டுவது குறைவு.

இவ்வாசிப்புக்குச் சங்கரன்கோவில் பொருத்தமான களம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் வட்டத் தலைநகர் அது. சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் வெளியூரார் அறிந்த அந்நகரை உள்ளூரில் நிலைநிறுத்துவது விசைத்தறி. சுற்றுப்புறச் சிற்றூர்களில் வேளாண் கூலியும், மாவட்டத்தின் பல பகுதிகளில் பீடி சுற்றுதலும் பெண்களின் உழைப்பை நம்பியுள்ளன. தாய் உழைக்கும் நேரமும் குழந்தை பராமரிக்கப்படும் நேரமும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இத்தகைய ஊரிலேயே தரநிலையின் பொருத்தப்பாடு சோதிக்கப்படுகிறது.

1. தரநிலையும் தொழில்முறை அமைப்பும்: ஓர் ஒப்பீடு

முன்பருவக் கல்வியில் தரநிலைகளைத் தொழில்முறை அமைப்பே உருவாக்கும் மரபுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் 'இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கம்' பெரிதும் சுட்டப்படுகிறது. 1926இல் வேறு பெயரில் தொடங்கி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற அச்சங்கம் 1985இல் மையங்களுக்குத் தரச்சான்று வழங்கும் முறையை ஏற்படுத்தியது. 1987இல் குழந்தையின் வளர்ச்சிப் படிநிலைக்கு இயைந்த கற்பித்தல் குறித்த தன் நிலைப்பாட்டு ஆவணத்தை வெளியிட்டது. துறையில் பணியாற்றுவோரும் ஆய்வாளர்களும் உறுப்பினராக உள்ள அமைப்பே தரத்தை எழுதுகிறது என்பது இம்மாதிரியின் வலிமை. வெள்ளையின நடுத்தர வர்க்கக் குழந்தையையே பொதுக் குழந்தையாக அந்த ஆவணம் கொள்கிறது என்னும் கண்டனம் எழுந்தபோது, பின்வந்த பதிப்புகளில் பண்பாட்டுச் சூழலுக்கு இடமளிக்க வேண்டிய கட்டாயம் அச்சங்கத்துக்கு ஏற்பட்டது. விமரிசனத்துக்கு மறுமொழி கூற ஓர் அமைப்பு இருந்தமையாலேயே அத்திருத்தம் இயன்றது.

எனினும் இம்மாதிரியை அப்படியே முன்னுதாரணமாகக் கொள்வதற்கில்லை. 1989இல் அந்நாட்டில் வெளிவந்த குழந்தைப் பராமரிப்புப் பணியாளர் குறித்த தேசிய ஆய்வு, பணிச்சூழல் சார்ந்த காரணிகளுள் பராமரிப்பின் தரத்தை மிகுதியும் முன்னுணர்த்துவது பணியாளரின் ஊதியமே என்று கண்டது. குறைந்த ஊதியம் பணியாளரைத் துறையிலிருந்து வெளியேற்றுகிறது. பழகிய முகம் அடிக்கடி மாறுவது குழந்தையைப் பாதிக்கிறது. ஊதியம் என்பது தரத்துக்குப் புறம்பான பொருளியல் செய்தியன்று, தரத்தின் உட்கூறு என்பதை அவ்வாய்வு நிறுவியது. தமிழகச் சூழலை வாசிக்க இம்முடிவு முதன்மையான திறவுகோல்.

2. தமிழகத்தில் இரு மரபுகள்

தமிழகத்தின் முன்பருவக் கல்வி வரலாற்றில் இரண்டு மரபுகள் தனித்தனியே வளர்ந்துள்ளன. முதலாவது, பயிற்சி பெற்ற கல்வியாளரின் மரபு. 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து நடத்திய ஆசிரியர் பயிற்சி இதன் முக்கியமான தொடக்கப்புள்ளி. 1964இல் தோன்றிய இந்திய முன்பருவக் கல்விச் சங்கம் அகில இந்திய அளவில் இம்மரபைத் தொடர்ந்தது. கருத்தரங்கு, பயிற்சி, வெளியீடு ஆகியவை இம்மரபின் செயல்வடிவங்கள்.

இரண்டாவது, நலத்திட்டத்தின் மரபு. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அளித்த அறிக்கை முன்பருவக் குழந்தைகளின் ஊட்டம், உடல்நலம், கல்வி ஆகியவற்றை ஒன்றாக நோக்கியது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமும் வந்தன. இன்று தமிழகத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி குறு அங்கன்வாடிகளாக அமைக்கப்பட்டவை. மக்களின் பேச்சில் இன்றும் 'பால்வாடி' என்றே வழங்கும் இம்மையங்கள்தாம் தென்காசி போன்ற மாவட்டங்களில் பெரும்பான்மை ஏழைக் குழந்தைகளுக்கு முதற்பள்ளி.

முதல் மரபில் தரம் பற்றிய சிந்தனை உண்டு. பெருந்திரளான பணியாளர் இல்லை. இரண்டாம் மரபில் பணியாளர் உண்டு. அவர்கள் 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர்களாகவே வரையறுக்கப்பட்டனர். 1989இல் உருவான அகில இந்திய அங்கன்வாடி ஊழியர் மற்றும் உதவியாளர் சம்மேளனம் இந்த வரையறையை எதிர்த்தே வளர்ந்தது. கல்வியாளர் சங்கம் தரம் பேசுவது, பணியாளர் சங்கம் ஊதியம் பேசுவது என்னும் பிரிவினை இவ்வாறு நிலைபெற்றது.

இரண்டையும் இணைக்க முயன்றோரும் உண்டு. குழந்தைப் பராமரிப்பைப் பெண்களின் உழைப்புரிமையோடு சேர்த்துப் பேசிய 'ஃபோர்சஸ்' கூட்டமைப்பும் 1989இல் தோன்றியதே. அதன் தமிழ்நாட்டுக் கிளை இங்கும் செயல்பட்டது. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் உருவான 'டெசர்ஸ்' என்னும் தமிழ்நாட்டு முன்பருவச் சூழல் மதிப்பீட்டு அளவுகோல் மற்றொரு முயற்சி. தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் ஆகியோர் 1980இல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோல் போன்றவற்றை அப்படியே மொழிபெயர்க்காமல், இங்குள்ள மையங்களின் சூழலுக்கேற்ற கருவி தேவை என்று உணர்ந்தது அதன் சிறப்பு. ஆயினும் அத்தகைய கருவியைத் தமதாக்கிக்கொண்டு, திருத்தி, தொடர்ந்து கையாளும் பணியாளர் அமைப்பு இல்லாமையால் அது ஆய்வுலகைத் தாண்டி மையங்களின் அன்றாடப் பழக்கமாக வேரூன்றவில்லை எனலாம்.

3. எழுவாய் இல்லாத வாக்கியங்கள்: 2013 ஆவணம்

2013இல் வெளியிடப்பட்ட முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக்கான தேசியக் கொள்கை, விட்டுக்கொடுக்க இயலாத அடிப்படைத் தரங்கள் சிலவற்றை வரையறுத்தது. நாளொன்றுக்கு 3 முதல் 4 மணி நேர நிகழ்ச்சி, 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை, 30 சதுர மீட்டர் வெளியிடம், பாதுகாப்பான கட்டடம், குடிநீர், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, 3 முதல் 6 வயதினர் 20 பேருக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குட்பட்டோர் 10 பேருக்கு ஒரு பெரியவர் என்பன அவற்றுள் அடங்கும். தனியார், அரசு என்னும் வேறுபாடின்றி எல்லா மையங்களுக்கும் பொதுவாக ஒரு குறைந்தபட்ச எல்லையைக் கூறியமை இந்த ஆவணத்தின் பெருமை.

ஆனால் இதன் வாக்கிய அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. 'இருத்தல் வேண்டும்', 'கிடைத்தல் வேண்டும்' என்னும் பொருள்பட அமையும் இவ்வாக்கியங்களில் செய்பவர் இல்லை. யார் கட்டித் தருவது, யார் நியமிப்பது, யார் நிதி ஒதுக்குவது என்பன மறைந்து, பொருள்களும் அளவுகளும் மட்டும் நிற்கின்றன. பணியாளரும் இவ்வரிசையில் ஓர் அளவாகவே, விகிதத்தின் ஒரு பக்கத்து எண்ணாகவே தோன்றுகிறார். ஆய்வுக்கு வரும் அலுவலரின் முன் குறை தென்படும்போது மட்டும் அந்த எண் ஒரு முகமாக மாறுகிறது. அப்போது, எழுவாயற்ற வாக்கியத்தின் பொறுப்பு முழுவதும் மையத்தில் நிற்கும் பெண்ணின்மேல் விழுகிறது.

விகிதத்தையே சான்றாகக் கொள்ளலாம். முழு அங்கன்வாடியில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ளனர். குறு அங்கன்வாடியின் அமைப்போ ஒரே பணியாளரைக் கொண்டே உருவானது. உதவியாளரின் நேரத்தில் பெரும்பகுதி சமைத்தல், பரிமாறுதல், துப்புரவு ஆகியவற்றில் செல்கிறது. பணியாளர் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கான பணிகளையும், எடை உயரப் பதிவுகளையும், 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியின் உள்ளீடுகளையும் மேற்கொள்கிறார். பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியையும் சுமக்கின்றனர். ஆகவே தாளில் 20க்கு 1 என்னும் விகிதம் நிறைவேறிய மையத்திலும், குழந்தையோடு தரையில் அமர்ந்து கதை சொல்லும் பெரியவரின் விகிதம் நாளின் சில மணி நேரங்களில் சுழியமாகிவிடக்கூடும். விகிதம் ஆளை எண்ணுகிறது. ஆளின் நேரத்தை எண்ணுவதில்லை.

நேரத் தரநிலையும் இத்தகையதே. 3 முதல் 4 மணி நேரம் என்பது கற்பித்தல் நோக்கில் பொருத்தமான அளவு. ஆனால் விசைத்தறி ஓடும் சங்கரன்கோவிலில் தறிக்கு அரைநாள் என்பது இல்லை. தறியை ஒட்டித் தார் சுற்றும் வேலையிலோ, வயற்கூலியிலோ, பீடிச்சுற்றிலோ இருக்கும் தாய்க்கு எஞ்சிய பொழுதில் குழந்தை எங்கிருக்கும் என்பதே முதற்கேள்வி. பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பணிபுரியும் தொழிற்கூடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமெனத் தொழிற்சாலைச் சட்டம் (1948), பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் (1966) ஆகியன கூறின. வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணும், சில தறிகள் மட்டுமே உள்ள கூடத்தில் உழைக்கும் பெண்ணும் அச்சட்ட வரம்புக்கு வெளியே நின்றனர். கல்வித் தரநிலை கல்வி நேரத்தை மட்டும் அளக்க, தொழிற்சட்டம் பெரிய ஆலையை மட்டும் நோக்க, இரண்டுக்கும் இடையிலான நேரம் மூத்த பெண்குழந்தையின் தோளுக்கோ பாட்டியின் முதுமைக்கோ விடப்படுகிறது.

4. கட்டடம் பேசும் விதிகள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நேர்ந்த பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழகத்தில் பள்ளி அங்கீகாரம் குறித்த விவாதம் கூரை, மாடிப்படி, வெளியேறும் வழி ஆகியவற்றை மையமிட்டது. அது தவிர்க்க இயலாததும் நியாயமானதும் ஆகும். ஆனால் பேரிடரின் நினைவில் உருவாகும் விதி, உயிர்ப்பாதுகாப்போடு தரம் நிறைவுற்றதாகக் கருதும் பழக்கத்தையும் உருவாக்குகிறது. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015இல் தமிழகத்தில் ஒழுங்குமுறை விதித்தொகுப்பு வந்தபோது அவை கல்வித்துறையின் பார்வைக்குள் வந்தன. அங்கன்வாடிகளோ சமூகநலத்துறையின்கீழ்த் தொடர்ந்தன. ஒரே தெருவின் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் இருவேறு துறைகளின் இருவேறு அளவுகோல்களுக்கு உட்பட்டனர்.

சட்டநிலையும் இத்தெளிவின்மையை வளர்க்கிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வியை 6 முதல் 14 வயதினரின் அடிப்படை உரிமையாக்கி, 6 வயதுக்குட்பட்டோரை அரசு முயல வேண்டிய நெறிமுறைப் பகுதியில் வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 11ஆம் பிரிவில் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றே கூறுகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பவர் ஆசிரியரா என்னும் வினாவுக்குச் சட்டம் நேரான விடை தரவில்லை.

5. 2,381 மையங்கள்: தகுதி பற்றிய ஒரு பாடம்

அவ்வினா 2019இல் தமிழகத்தில் நேரடியாக எழுந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் அவ்வாண்டு ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அவற்றுக்கு மாற்றப்பட்டனர். ஆசிரியர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியரை அங்கன்வாடிக்கு அனுப்புவது பதவியிறக்கம் என்னும் வாதத்தோடு நீதிமன்றமும் நாடப்பட்டது. 2022இல் அவர்கள் தொடக்கப்பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது வகுப்புகளே நின்றுவிடும் என்னும் அச்சம் பரவியது. எதிர்ப்புக்குப்பின் வகுப்புகள் தொடர்ந்தன. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டனர்.

இந்நிகழ்வில் எவரையும் குற்றஞ்சாட்டுவது எளிது; ஆனால் அது புலப்படுத்தும் மதிப்பு வரிசையை வாசிப்பதே பயன்தரும். முன்பருவக் கல்விக்கெனப் பயிற்சி பெறாத ஆசிரியரை அங்கு அனுப்பலாம் என்று நிருவாகம் கருதியது. அங்குச் செல்வது தாழ்வு என்று ஆசிரியர் கருதினர். அதே கூரையின்கீழ்ப் பல்லாண்டுகளாக 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தை நடத்திவந்த அங்கன்வாடிப் பணியாளரை இவ்விவாதத்தில் ஆசிரியராகக் கருதியோர் அரிது. குழந்தை சிறிதாகச் சிறிதாகக் கற்பிப்பவரின் மதிப்பும் சிறிதாகும் என்னும் எழுதப்படாத தரநிலையே, எழுதப்பட்ட எல்லாத் தரநிலைகளையும்விட வலிமையாகச் செயல்பட்டது. பொறுப்பும் அக்கறையும் கொண்ட தொழில்முறை அமைப்பு ஒன்று அன்று இருந்திருந்தால் அது முதலில் கேட்டிருக்க வேண்டியது ஊதிய அளவையன்று. மூன்று வயதினருக்குக் கற்பிக்க எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதையே.

6. கோரிக்கைப் பட்டியலைத் தர ஆவணமாக வாசித்தல்

2006இல் கர்நாடக அரசு எதிர் அமீர்பி வழக்கில் அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 ஏப்ரலில், குஜராத்திலிருந்து வந்த மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மையத்தில் நடப்பது கல்விப்பணி, அதனைச் செய்வோர் கற்பிக்கின்றனர் என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பணிக்கொடை கோரிய வழக்கே பணியின் கல்வித் தன்மையை ஏற்கச் செய்தது என்பது கவனத்துக்குரியது. தர ஆவணங்கள் தெளிவாகச் சொல்லத் தயங்கியதை உழைப்புரிமை வழக்கு சொல்ல வைத்தது.

இவ்வெளிச்சத்தில் தமிழகத்துப் பணியாளர் சங்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கோரிக்கைகளை மீண்டும் வாசிக்கலாம். காலிப்பணியிடங்களை நிரப்புக என்பது விகிதத் தரநிலை. திட்டத்துக்குப் புறம்பான பணிகளை நீக்குக என்பது குழந்தைக்குரிய நேரத்தின் தரநிலை. குறு மையங்களைத் தரம் உயர்த்துக என்பது பாதுகாப்புத் தரநிலை. பள்ளிகளைப் போல மே மாத விடுமுறை வேண்டும் என்பது கோடை வெப்பத்தில் குழந்தையின் உடல்நலத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஊதியம், பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியன அனுபவமிக்க பணியாளரை நிலைநிறுத்தும் தரநிலைகள். 2013 ஆவணத்தின் வாக்கியங்களில் மறைந்த எழுவாய் இப்பட்டியலில் வெளிப்படுகிறது: அரசு நிரப்ப வேண்டும், அரசு வழங்க வேண்டும்.

எனினும் சங்கங்களின் மொழியும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அவற்றின் பட்டியல்களில் குழந்தை பெரும்பாலும் மறைமுகமாகவே இடம்பெறுகிறது. கதை சொல்லலுக்கான நேரம், விளையாட்டுப் பொருள், தண்டனையற்ற சூழல், வீட்டுமொழி ஆகியன கோரிக்கைகளாக எழுவது அரிது. தறியும் தாரும் பாவும் அறிந்த சங்கரன்கோவில் குழந்தைக்கு அச்சொற்கள் முதற்கற்றலின் வளமான கருப்பொருள்கள். அவற்றை மையத்துக்குள் கொணர வல்லவர் உள்ளூர்ப் பணியாளரே. அவ்வறிவைத் தொழில்முறை அறிவாக உரிமை கோராதவரை, பாடத்திட்டம் மேலிருந்து வரும் ஏடாகவே இருக்கும். தனியார் மழலையர் பள்ளிகளின் ஆங்கில எழுத்துப் பயிற்சியைக் கண்டு பெற்றோர் குழந்தையை மாற்றும்போது, விளையாட்டுவழிக் கற்றலின் நியாயத்தை எடுத்துரைக்கப் பணியாளரிடம் ஊதியக் கோரிக்கையின் மொழி மட்டும் போதாது.

இதற்கு மறுப்பும் உண்டு. ஊதியத்தையும் தரத்தையும் பிணைத்தால் பணியாளரின் நலனே குழந்தையின் நலனாகக் காட்டப்பட்டுவிடும், கண்காணிப்பு தளரும் என்று கூறலாம். இரண்டும் ஒன்றே என்பது இங்கு வாதமன்று. பயிற்சியற்ற பணியாளருக்கு உயர்ந்த ஊதியம் அளிப்பதால் மட்டும் தரம் உயராது. ஆனால் நிலையற்ற பணியில் இருப்பவரிடம் நிலையான பராமரிப்பை எதிர்பார்க்கும் தரநிலை, தன் நிபந்தனையைத் தானே மறுப்பதாகிறது.

முடிவுரை

தமிழகத்தில் முன்பருவக் கல்விக்குத் தரநிலைகள் இல்லை என்பது குறையன்று. அமைப்புகள் இல்லை என்பதும் குறையன்று. தரநிலை எழுதுவோரிடம் பணியனுபவமும், பணியனுபவம் உள்ளோரிடம் தரநிலை எழுதும் அதிகாரமும் இல்லாமையே குறை. மாநில அளவிலான தரநிலைக் குழுக்களில் பணியாளர் சங்கங்களுக்கும் உதவியாளர்களுக்கும் கல்வியாளர் சங்கங்களோடு சமமான இடம் அளித்தல், ஆள் விகிதத்தோடு குழந்தையோடிருக்கும் நேரத்தையும் அளத்தல், விசைத்தறி, பீடி, வேளாண் கூலி வட்டாரங்களில் தாயின் உழைப்பு நேரத்தையும் தரநிலையின் கூறாக்குதல், சங்கங்கள் தம் மாநாடுகளில் கற்பித்தல் குறித்த அமர்வுகளையும் கோரிக்கைகளையும் சேர்த்தல் ஆகியன இவ்வாசிப்பிலிருந்து பெறப்படும் பரிந்துரைகள். டெசர்ஸ் போன்ற உள்ளூர்க் கருவிகளை வட்டார அளவில் பணியாளர்களே கையாண்டு திருத்தும் முறை இதற்குத் தொடக்கமாகலாம். சங்கரன்கோவிலின் ஒரு மையத்தில் எது நல்லது என்று எழுதப்படும் வாக்கியத்துக்கு, அங்கு நாள்தோறும் குழந்தைகளின் நடுவே அமரும் பெண்ணும் எழுவாயாகும்போதே அது அவரையும் அரசையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் தரநிலையாகும்.